என்ஜினுக்குப் பின்னால் அம்மா

படகுத் துறையில் என் அம்மாவுக்கு 'ஊசி' என்று பெயர். அவள் ஒல்லியாக இருந்த காலத்தில் யாரோ வைத்தது. பிறகு நாங்கள் மூன்று பேர் பிறந்து, அவள் நன்றாகப் பூசினாற்போல் ஆன பிறகும் பெயர் மட்டும் சதைபோடவில்லை.

அப்பா, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பழைய மரப்படகு வைத்திருந்தார். அதன் வயிற்றில் என்ஜின். என்ஜினின் பின்பக்கத்திலிருந்து ஷாஃப்ட் என்ற நீளமான தண்டு, படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விசிறியைச் சுழற்றும். வெளியே அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு வெண்கலக் கால். உள்ளே, என்ஜினும் தண்டும் சேருமிடத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும், அதுதான் கப்ளிங். அவை நேராகப் பார்க்காவிட்டால் படகு முழுக்க நடுங்கும். படகைக் கட்டிய மகராசன் கப்ளிங்கை எட்டுவதற்கு வைத்த வழியோ, பின்பலகையில் ஒரு சின்ன மூடி. பூனை போகும். அப்பாவின் ஒரு தோள் போகாது.

அம்மா போவாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அவள் குடும்பம் அப்பாவின் படகில் ஏறியதாம். நடுவழியில் ஒரு நட்டு கழன்று என்ஜினுக்குப் பின்னால் உருண்டுவிட்டது. அப்பா கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடிக்குள் இறங்கி எடுத்துக் கொடுத்தாளாம். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பார் அப்பா. "பொண்ணு புடிச்சுதா, பொண்ணோட அளவு புடிச்சுதா, அத சொல்லுங்க" என்பாள் அம்மா.

அதன்பிறகு வருஷா வருஷம் கப்ளிங்கை நேராக்குவது அவர்கள் இருவரின் வேலை. படகைக் கரையில் ஏற்றி வெண்கலக் காலைச் சரிபார்ப்பார்கள். ஆனால் கப்ளிங்கைக் கரையில் தொடமாட்டார்கள். மரப்படகுக்குக் கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். இறக்கி, ஊறவிட்டு, பலகைகள் தம் இடத்தில் அமர்ந்த பிறகுதான் அம்மா உள்ளே போவாள். தட்டுகளின் இடுக்கில் மெல்லிய தகட்டை நுழைத்து, இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றா என்று பார்த்து, "மேல ஆடுது, கீழ புடிக்குது" என்று குரல் கொடுப்பாள். அப்பா முன்பக்கம் நின்று என்ஜினைக் கொஞ்சம் தூக்குவார்.

"இப்ப?"

"இன்னும்."

மேலே உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். வீட்டில் அவர்கள் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

தம்பி பிறந்த பிறகு ஒருமுறை மூடி அம்மாவைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு வரை போய் நின்றுவிட்டாள். இழுத்து வெளியே எடுப்பதற்குள் துறையே கூடிவிட்டது.

"இந்த ஓட்டைய கொஞ்சம் அறுத்து விடுங்கன்னா கேக்குறீங்களா?"

"பலகையில கை வச்சா படகோட பலம் போயிடும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ சோத்தக் குறை."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அன்றைக்கு வேண்டுமென்றே ஒரு கரண்டி அதிகம் போட்டுக்கொண்டாள். அப்பா கம்பி நுனியில் கண்ணாடியைக் கட்டி, கப்ளிங்கை உத்தேசமாகச் சரிசெய்யப் பழகினார். படகு லேசாக நடுங்கியபடியே பல வருஷம் ஓடியது.

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வருஷத்தில்தான், தண்ணீருக்கடியில் கிடந்த மரக்கட்டை ஒன்றில் படகு இடித்து, வெண்கலக் கால் இடம் பெயர்ந்தது. அப்பா கரையேற்றி, நூல் பிடித்துப் பார்த்து, காலின் அடியில் தகடு கொடுத்து நேராக்கினார். தண்ணீரில் இறக்கினார். கண்ணாடி வித்தை இந்த முறை பலிக்கவில்லை. வைத்த டம்ளர் தானாக நகரும் அளவுக்கு நடுக்கம். ஆட்கள் ஏறத் தயங்கினார்கள்.

வீட்டில் அம்மா தேய்ந்துகொண்டே போனாள். அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துப் பிடித்துத் தைத்து, இனித் தையல் போட இடமில்லை. டாக்டர் பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. 'இளைத்துவிட்டாய்' என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்தவறியும் சொல்லமாட்டோம். அப்பா அவளை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் பேசுவார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் காலை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தாள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பானது வீண் போகல. நகருங்க, நான் எறங்குறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? போய்ப் படு."

"படுத்துட்டுத்தானே இருக்கேன்."

அவளே பெட்டியிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்கும் இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் மிச்சமிருந்தது. அதை அப்பா பார்த்தார். பார்க்காமல் இருக்க வழியில்லை.

"மேல ஆடுது," உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பா ஸ்பேனரை எடுத்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். அழாம திருப்புங்க."

அவளுக்கு அங்கிருந்து அவர் முகம் தெரியாது.

"போதும். நாலு பக்கமும் ஒண்ணா புடிக்குது."

தட்டுகளைச் சேர்த்து முடுக்கி என்ஜினைப் போட்டோம். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மாவை வெளியே தூக்கினோம், தூக்கியதுபோலவே இல்லை. அப்பா அவள் கன்னத்து மசியைத் துடைத்துவிட்டு, "ரொம்ப எளச்சுட்ட" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா.

பிறகு அப்பா போய் ரம்பத்தை எடுத்து வந்தார். மூடியைச் சுற்றிச் சாக்பீஸால் அகலமாகக் கோடு போட்டார்.

"என்னங்க பண்றீங்க? படகோட பலம்?"

"அடுத்த வருஷமும் நீதானே எறங்கணும். அப்ப இந்த ஓட்டை உனக்குப் பத்தாது."

அம்மா குனிந்து கோட்டைப் பார்த்தாள். பிறகு, "அவ்ளோ குண்டாவா ஆவேன்? கோட்டக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க" என்றாள். அப்பா தள்ளிப் போடவில்லை. கோட்டின் மேலேயே அறுத்து, பலம் குறையாமலிருக்க உள்ளே சட்டம் கொடுத்து அறைந்தார்.

அடுத்த வருஷம் அம்மா இல்லை. இப்போது அந்த வழியாக நான் இறங்குகிறேன். எனக்கு அப்பாவின் உடம்பு. பழைய மூடியாக இருந்தால் முழங்காலோடு நின்றிருப்பேன். தகட்டை நுழைத்து, "மேல ஆடுது" என்கிறேன். அப்பா முன்பக்கத்திலிருந்து "இப்ப?" என்று கேட்கிறார். அவர் கேட்பது என்னையல்ல. ஆனாலும் நான்தான் பதில் சொல்கிறேன்.

"இன்னும் கொஞ்சம்."