ஆர்மஸ் பெயரில் ஒரு பரிசு

எங்கள் ஊர்ச் சந்தைக் கட்டடத்தில், துறைமுகம் பார்த்த வாசலுக்குப் பக்கத்தில் ரைலி கீஸ்கிலா மீன்கடை வைத்திருந்தாள். கத்திக்கும் வாய்க்கும் பேர் போனவள். யாராவது விலை குறைத்துக் கேட்டால், "கடல் அங்கதான் இருக்கு, போய்ப் பிடிச்சுக்கோ" என்று கையைக் காட்டுவாள். அப்படியும் வெள்ளிக்கிழமைகளில் அவள் கடை முன்னால்தான் கூட்டம் நிற்கும்.

அவள் கணவர் ஆர்மஸ் அவளுக்கு நேரெதிர். பல்கலைக்கழகத்தில் கட்டுமானம், சுற்றுச்சூழல் பொறியியல் துறையில் விரிவுரையாளர். அதே துறை அலுவலகத்தில் நான் செயலாளராக இருந்தேன். காலையில் என் மேசையைக் கடக்கும்போது தலையை அசைப்பார், அதுதான் வணக்கம். "அவருக்கும் சேத்து நான்தான் பேசிட்டிருக்கேன், ஹில்க்கா" என்று ரைலி என்னிடம் சொல்வாள்.

ஆர்மஸ் மனம் முழுக்கச் சதுப்பு நிலம்தான். எங்கள் பக்கம் சதுப்புக் கரிமண்ணை வெட்டி எரிபொருளாக விற்பார்கள். வெட்டிய இடத்திலிருந்து வடியும் பழுப்புத் தண்ணீர் ஆற்றில் கலந்து, ஆற்றைக் கெடுக்கும். அந்தத் தண்ணீரை நேராக ஆற்றில் விடாமல், உயிருள்ள பாசி வளர்ந்த ஒரு திடலின் மேல் மெல்லப் பரவவிட்டால் பாசியே அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கண்டது. பனிக்கு அடியில், குளிர்காலத்திலும்கூடப் பாசி அந்த வேலையைச் செய்யும் என்றும் சொன்னார். ஆய்வு நிதி கேட்டு ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்.

துறைத்தலைவர் பேராசிரியர் யோர்மா லெஹ்டோலா அதைப் படித்துப் பார்ப்பதாக வாங்கிக்கொண்டு போனார். நிதி கிடைத்தது என்று அறக்கட்டளையிலிருந்து தகவல் வந்தபோது ஆய்வாளர் என்ற இடத்தில் லெஹ்டோலா பெயர் மட்டும் இருந்தது. ஆர்மஸ் அவர் அறைக்குப் போய்க் கேட்டார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நிதி குடுக்கறவங்க பேராசிரியர் பேரத்தான் பாப்பாங்க, ஆர்மஸ். உன் பேரப் போட்டிருந்தா வந்திருக்குமா? யார் பேர்ல வந்தா என்ன, வேலை நம்மளோடதுதானே."

ஆர்மஸ் திரும்பி வந்து தன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாசித் திடல் நாடு முழுக்கப் பரவியது. லெஹ்டோலாவுக்குத் தேசிய அளவில் பெரிய விருது கிடைத்தது. விழாவுக்கு ரைலி புது உடை தைத்துப் போட்டுக்கொண்டு போனாள், கணவர் பெயரையும் மேடையில் சொல்வார்கள் என்று நம்பி. பதக்கத்தை மாட்டிக்கொண்ட லெஹ்டோலா, "உடன் பணியாற்றியவர்களுக்கு நன்றி" என்று ஒரே வரியில் முடித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்மஸ், "நல்லாத்தான் பேசினான்" என்றாராம். "அங்கயே கார நிறுத்தி அழுதேன். அவரு கண்ணாடியத் துடைச்சிட்டிருந்தாரு" என்று ரைலி என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆர்மஸுக்கு முதலாண்டு மாணவர்களுக்கு நில அளவை சொல்லித்தரும் வேலைதான். சொந்தப் பெயரில் நிதி கேட்டு அவர் எழுதிய ஒவ்வொன்றும் துறைக்குள்ளேயே, லெஹ்டோலா தலைமையில் இருந்த குழுவில் நின்றுபோனது. ஒரு பிப்ரவரியில் தங்கள் ஏரிக்கரைக் கோடைக்குடிலின் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு. ரைலி ஏணியடிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு லெஹ்டோலா மலர் வளையத்தோடு வந்தார். வளையத்து நாடாவில் இருப்பதைப் பெட்டி முன் நின்று உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். அவர் படித்து முடித்து வளையத்தை வைத்ததும், ரைலி எழுந்து போய் அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுலயும் உங்க பேர்தான் பெரிசா இருக்கு. நீங்களே வச்சுக்குங்க."

பாதிரியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைப்போம், பேராசிரியரானாலும் சரி. ரைலியும் அதுவரை அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். அன்று முதல் 'நீங்க'. கன்னத்தில் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அடுத்த வருடம் மீன்கடையை விற்றாள். ஆர்மஸ் தன் கையால் கட்டிய ஏரிக்கரைக் குடிலையும் விற்றாள். வந்ததை எடுத்துக்கொண்டு டீனிடம் போனாள். தண்ணீர் பற்றிய சிறந்த ஆய்வேட்டுக்கு ஆண்டுதோறும் கணவர் பெயரில் பரிசு கொடுக்க வேண்டும் என்றாள். அரசு பல்கலைக்கழக நிதியை வெட்டியிருந்த நேரம். டீன் அவளுக்கு இரண்டாவது துண்டு கேக் வைத்தார்.

"ரெண்டு நிபந்தனை" என்றாள் ரைலி. "பேராசிரியர் லெஹ்டோலா இங்க வேலைல இருக்கற வரைக்கும் அவர்தான் பரிசக் குடுக்கணும். அவருக்கு உடம்பு சரியில்லைன்னா விழாவத் தள்ளி வைக்கணும், நான் காத்திருப்பேன். அப்புறம், நான் எழுதி வச்சிருக்கறத அவர் முழுசாப் படிக்கணும்."

அவள் எழுதியது சின்னதுதான். ஆர்மஸ் கீஸ்கிலா இந்தத் துறையிலேயே உழைத்து இந்தத் துறையிலேயே முடிந்தார், அவர் பெயரில் ஒரு ஆய்வு நிதியும் வந்ததில்லை.

பல்கலைக்கழக வழக்கறிஞர் பேனாவால் தட்டினார். "கடைசி வரி வேணாமே."

"பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா..."

"அப்ப இருக்கட்டும்."

முதல் விழாவில் லெஹ்டோலா அந்த வரியை விழுங்கிவிட்டு மாணவனிடம் சான்றிதழை நீட்டினார். முன்வரிசையிலிருந்து ரைலி, "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றாள். அவர் திரும்பப் படித்தார். அடுத்த முறை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விழா தள்ளிப்போனது, தொண்டை சரியானதும் நடந்தது. வருடா வருடம் அவர் படிப்பார், அவள் கேட்பாள். பிறகு காபி, கேக். "கேக் எனக்கு இங்கதான் ருசிக்குது" என்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் வில்மா வந்தாள். பண்ணை வீட்டுப் பெண், சேற்று பூட்ஸோடு அலுவலகத்துக்குள் வந்துவிடுவாள். தொடர்ந்து பல வசந்தங்கள் பாசித் திடல்களில் நின்று தண்ணீர் எடுத்து அளந்திருந்தாள். அவள் ஆய்வேடு சொன்னது இதுதான்: பனிக்கடியில் பாசி அழுக்கைப் பிடித்துக்கொள்வது உண்மை, ஆனால் பனி உருகும்போது பிடித்ததை எல்லாம் மொத்தமாக ஆற்றில் கொட்டிவிடுகிறது. குளிர்காலத்திலும் திடல் போதும் என்று நம்பிக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது தப்பு.

ஏற்கனவே ஆற்றங்கரையில் கோடைக்குடில் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். கோடையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க முடியவில்லை. செய்தித்தாளிலிருந்து லெஹ்டோலாவுக்குப் போன் மேல் போன். அந்த வருடம் பரிசுக் குழுவில் அவரே வில்மாவுக்காக வாதாடினார். வெளியே வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "புருஷன் பேர்ல பரிசு, புருஷன் சொன்னது தப்புன்னு நிரூபிச்சவளுக்கு. ரைலிக்கு இந்தத் தடவ கேக் எறங்குதான்னு பாப்போம்."

விஷயம் தெரிந்ததும் வில்மா நேராக ரைலி வீட்டுக்குப் போனாள். நானும் அங்கே இருந்தேன். பெண் உட்காரக்கூட இல்லை.

"நான் பரிசு வேணாம்னு சொல்லிடறேன். ஆர்மஸ் சொன்னது தப்புன்னு எழுதிட்டு அவர் பேர்லயே பரிசு வாங்கறது..."

"உன் கணக்கு சரிதானே?"

"சரிதான்."

"அப்ப வாங்கிக்கோ. அவர் தப்பாச் சொன்னது இது ஒண்ணு மட்டுமா? குடில்ல புகைபோக்கி கட்டினாரு, எல்லாப் புகையும் உள்ளதான் வந்துச்சு." ரைலி ரொட்டியில் உப்பு மீனை வைத்து அவளிடம் நீட்டினாள். பிறகு கை நடுவில் நின்றது. "குளிர்காலத்துலயும் வேலை செய்யும்னு அச்சுல சொன்னது யாரு? அந்த அறிக்கைல யார் பேர் இருக்கு?"

"பேராசிரியர் லெஹ்டோலா பேர் மட்டும்தான்."

ரைலி ரொட்டியை அவள் கையில் வைத்தாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. அவள் கணவர் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. வில்மா போன பிறகு செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "பரிசு விழாவுக்கு ஆள் அனுப்பு, பேராசிரியர் பேசுவாரு. கேக் நல்லா இருக்கும்."

விழாவன்று வாசல்கூடம் நிறைந்திருந்தது. குடில்காரர்கள்கூட வந்திருந்தார்கள். லெஹ்டோலா ரைலியின் வரிகளை அன்று தடங்கலில்லாமல் படித்தார். வில்மாவைப் புகழ்ந்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, சொல்ல நினைத்ததைச் சொன்னார்.

"ஒண்ணு தெளிவு பண்ணியாகணும். குளிர்காலத்தப் பத்தின அந்தக் கருத்து என்னோடது இல்ல. அது ஆர்மஸோடது. அவர நம்பினேன், அதுதான் என் குறை."

சொல்லிவிட்டு ரைலியைப் பார்த்தார். அவள் குன்றிப்போவாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் எழுந்து நின்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்."

"ஆர்மஸோட கருத்துன்னு சொன்னேன்."

"எழுதினதும் அவர்தானா?"

"அந்தப் பகுதிய அவர்தான் எழுதினாரு."

"அப்ப மீதிய?"

லெஹ்டோலா டீனைப் பார்த்தார். டீன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியாளர் பேனாவை எடுத்தார். "விண்ணப்பத்த யார் எழுதினாங்க, பேராசிரியரே? அவர் பேர் ஏன் அதுல இல்ல?"

"அது ரொம்ப நாள் முன்னால... பெரும்பாலும் ஆர்மஸ்தான். அந்தக் காலத்துல வழக்கம் அப்படி."

"தப்பும் அவரோடதுதான்" என்றாள் ரைலி. குரல் உயரவே இல்லை. "அதையும் சேத்து எடுத்துட்டுப் போயிருந்தீங்க. இன்னைக்குத்தான் திருப்பிக் குடுத்திருக்கீங்க. எல்லார் முன்னாலயும். நன்றி."

உட்கார்ந்து கேக் சாப்பிட்டாள். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் செய்தி வந்தது. விருது கொடுத்தவர்கள் விசாரணை வைத்தார்கள். பாசித் திடல் ஆய்விலும் அதன் நிதிப் பதிவிலும் ஆய்வாளர் என்ற இடத்தில் ஆர்மஸ் கீஸ்கிலா பெயரை முதலில் போட்டார்கள், லெஹ்டோலா பதக்கத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. சாப்பாட்டு அறையில் அவர் தட்டை வைத்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். தலைவர் பதவி போயிற்று, வயது வரும் முன்பே ஓய்வும் வாங்கிக்கொண்டார். பரிசுப் பத்திரத்தின் கடைசி வரி இப்போது உண்மையில்லை என்று வழக்கறிஞர் ரைலிக்குப் போன் செய்தார். "எடுத்துடு, அது வேலை செஞ்சு முடிச்சிருச்சு" என்றாள்.

அந்த இலையுதிர்காலத்தில் நான் அவள் வீட்டில் இருந்தபோது மணி அடித்தது. சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். வெளியே லெஹ்டோலா, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆள் இளைத்திருந்தார்.

"ரைலி, ஆர்மஸும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

"சரி. படியெல்லாம் ஈரமா இருக்கு, பாத்து எறங்குங்க."

கதவைச் சாத்தினாள். அவர் இறங்கும் சத்தம் மெல்ல அடங்கியது. வாசல்வரை வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவதை எங்கள் ஊரில் கேள்விப்பட்டதே இல்லை.

"ஒரு காபியாவது குடுத்திருக்கலாம், ரைலி. மனுஷன் வயசாயிட்டாரு."

"ஆர்மஸுக்கும் வயசாயிருக்கும், விட்டிருந்தா." அடுப்பிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள். "இது நல்ல காபி. வீணாக்கச் சொல்றியா?"

என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள்.