ஏழாம் லயத்தின் சிவப்பு வரி

கட்டுக்கதை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் போன ஐப்பசியில் நடந்தது இது. நினைத்தால் பயத்தைவிட ஆத்திரம்தான் வருகிறது.

மேனுஷா தோட்ட ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். மலைச்சரிவில் பொருத்திப் பூட்டிய மழைமானிகள் அனுப்பும் அளவைக் கறுப்புத் திரையில் பத்தி பத்தியாகக் காட்ட ஒரு ஸ்கிரிப்ட், சின்னக் கணினி நிரல், எழுதியிருந்தாள். ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கும், ஒரு வரி; ஆபத்தென்றால் அது சிவப்பாகும். நிறத்துக்காகச் சேர்க்கும் குறிகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணினி அவற்றையும் எழுத்தாக எண்ணி, வரியில் விடவேண்டிய இடைவெளியைக் குறைத்துவிடும். அதனால் சிவந்த வரியில் மட்டும் எண்கள் இடப்பக்கம் தள்ளி நின்றன.

"கொழும்புக் கம்பெனியில இருந்து ஆள் வராங்க. பாக்கவே கோணலா இருக்கு. சிவப்பை எடுத்துரு," என்றார் மெனேஜர் புவனேந்திரன்.

"கோணலைச் சரி பண்ணிரலாம் சார். சிவப்பு இருக்கணும். சனங்க உசுரு."

"சொன்னதைச் செய். ஏழாம் லயத்துக்கும் மானி பூட்டியாச்சு, அதையும் சேர்."

ஏழாம் லயத்தில்தான் மேனுஷாவின் அக்கா சந்திரகாந்தி பிள்ளைகளோடு இருந்தாள். மேனுஷா அந்த லயத்தைச் சேர்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிறக் குறிகள் அத்தனையையும் அழித்தாள்.

பின்னேரம் மூன்று மணி. தகரத்தில் தடதடவென்று மழை...

எல்லா வரிகளும் நேராக இருந்தன. ஒன்றுமட்டும் இடப்பக்கம் தள்ளி நின்றது. ஏழாம் லயம்.

ஸ்கிரிப்டைத் திறந்து தேடினாள். ஒரு குறிகூட இல்லை. ஆனாலும் அந்த வரி மெல்லச் சிவந்தது. மழை மில்லிமீட்டரில் ஏறியது... 62... 75...

"மெஷின் பழுது. அந்த வரியை அழி," என்றார் மெனேஜர், தேத்தண்ணியை உறிஞ்சியபடி.

அழித்தாள்.

திரும்ப வந்தது... 88...

"லயத்துக்கு ஆள் அனுப்புங்க சார்!"

"கத்தாம உக்காரு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் முகத்துக்கு முன்னாலேயே போனை எடுத்தாள்.

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு ஓடு!"

"என்னாடி..."

"ஓடுக்கா!"

பத்து நிமிஷம் கழித்து, டொம்...

மலை சரிந்தது.

லயம் மண்ணுக்குள் போய்விட்டது. ஆட்கள் அத்தனை பேரும் கோயிலில் இருந்தார்கள். வெட்கமில்லாத மெனேஜர், "நாங்க பூட்டுன மானிதான் காப்பாத்துச்சு," என்று கொழும்புக்காரர்களிடம் பீற்றிக்கொண்டார்.

அவர்கள் அந்த மானியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் மண்ணைத் தோண்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் மேனுஷாதான் கண்டுபிடித்தாள், மெனேஜரின் அலுமாரியில்.

வாங்கிய பெட்டியிலேயே இருந்தது. ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.