ராகிக் காட்டு ரேடியோ

பேட்டரி கசிந்த பழைய ரேடியோவைத் திறந்தால் ஒரு வாடை வரும். துருவும் புளிப்பும் கலந்தது. ஊறுகாய் ஜாடியில் ஆணியைப் போட்டு மறந்த மாதிரி. ரேடியோ சேர்க்கிற என் கூட்டாளிகளுக்கு அது அத்தர். எனக்கோ, ஓசூர் பக்கம் சானமாவு வனத்தோரத்தில் அரை ஏக்கர் ராகி மிதிபட்டுக் கிடப்பது கண்ணில் வந்து நிற்கிறது.

மத்திகிரி வாடகை வீட்டில் பதினோரு ரேடியோ வைத்திருக்கிறேன். ஒன்றும் பாடாது. யாரும் துடைக்காத தூசி, யாரும் சுரண்டாத துரு, அதுதான் அசல் என்பது எங்கள் வாட்ஸ்அப் குழுவின் வேதம். பகலில் கம்பெனியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் உதிரிபாகத்தைத் தூக்கிப் போடுகிற தரக்கட்டுப்பாட்டு ஆள் நான். சாயங்காலமானால் கீறலைத் தேடி அலைகிறவன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, "மெதுவா பேசுங்க, எல்லாம் ஐ.சி.யூ.வுல இருக்குது" என்பாள்.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ராகிக் காட்டில், ராத்திரி யானைக் காவலுக்குக் கட்டிய பரணில் அதைப் பார்த்தேன். தோலுறை போட்ட டிரான்சிஸ்டர், விளிம்பு தேய்ந்த திருகு. காட்டுக்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருட்டியதும் ஸ்டேஷன்களுக்கு நடுவே முள்ளை நிறுத்திவிடுவாராம். கன்னடச் செய்தியும் தெலுங்குப் பாட்டும் தமிழ் விளம்பரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விடிய விடியச் சண்டை போடும். ஆள் கூட்டமாக இருக்கிறது என்று யானை ஒதுங்கிப் போய்விடுமாம். அறுப்புக்கு இன்னும் பத்து நாள். வருஷத்துச் சாப்பாடு அந்த ஒரு ஏக்கர் கதிரில்தான் நின்றது.

யானையும் சாப்பாடும் என் காதில் ஏறவில்லை. கண்ணெல்லாம் தோலுறை. காரில் கிடந்த புது புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, சத்தம் நாலு மடங்கு, எஃப்.எம். உண்டு, கலர் லைட்டும் உண்டு, மாற்றிக்கொள்ளலாம் அண்ணா என்று பிரசங்கம் செய்தேன். தயங்கினார். இது விஞ்ஞானம் என்றேன். "படிச்சவரு சொல்றீங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். என் போன் நம்பரையும் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அதைத் திறந்து, என்றோ கசிந்த பேட்டரியின் பச்சைக் கறையை முகர்ந்து சிலிர்த்தேன். ஏரியலுக்குப் பதிலாக அவர் சுற்றியிருந்த வேலிக்கம்பி அசல் இல்லையென்று பிடுங்கிக் குப்பையில் போட்டேன். படம் பிடித்துக் குழுவில் ஏற்றினேன். தூங்கப் போவதற்குள் நாற்பது பொம்மைக் கும்பிடுகள்.

மறுநாள் காலையே காட்டுக்காரரிடமிருந்து போன். ஸ்பீக்கர் நடுச்சாமம்வரை பாடியிருக்கிறது. பிறகு ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு அடங்கிவிட்டதாம். சார்ஜ் தீர்ந்ததைச் சொல்லியிருக்கிறது. பரணில் கரண்டுக்கு எங்கே போவது? காட்டுக்காரருக்குப் புரியாத அந்த இங்கிலீஷ் யானைகளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணயர்ந்து விழிப்பதற்குள் பாதிக் காடு காலி. என்னைத் திட்டவில்லை, ரேடியோவை மட்டும் கேட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். வாங்கித் திருகினார். கொசு முனகல்தான் வந்தது. கம்பி எங்கே என்றார். அசல் இல்லையென்று எடுத்துவிட்டதைச் சொன்னேன். அவர் மனைவி தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். இருபது வருஷ ஓசூர்வாசிக்குப் புரியாமல் என்ன, புரியாதவன் மாதிரி நின்றேன். காட்டுக்காரர் வேலியிலிருந்து ஒரு முழம் கம்பியை முறுக்கி எடுத்துக் கட்டினார். மூன்று மொழியும் சண்டையைத் தொடங்கின.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சோலாரில் ஓடுகிற சைரன் ஒன்று இருக்கிறது, ஆன்லைனில் வரவழைத்து நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றேன். காட்டுக்காரர் ஸ்பீக்கரை என் கையில் திணித்து, கார்வரை கூடவே நடந்து வந்து, கதவையும் அவரே சாத்தினார்.

"இன்னும் அரை ஏக்கர் நிக்குதுங்க சார். அத அறுத்து வூட்டுக்குக் கொண்டுபோற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. வந்தா இன்னும் ஏதாச்சும் நல்லது பண்ணிருவீங்க."