இடப்பக்கமாகத் திரும்பிய மைதானம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு, மனிதர்கள் எவ்வளவு தூரம் சொன்னபடி கேட்பார்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஒருமுறை சோழவந்தானிலிருந்து வந்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். பஞ்சை வைத்து, "கையை மடக்கிட்டு அப்படியே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் அவரை மறந்தே போனேன். அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மடக்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நீட்டலாம்னு நீங்க சொல்லலையே தம்பி" என்றார்.

ஊர்க்காரர்களின் ரத்தத்தையெல்லாம் பார்த்த நான் ஒருநாள் என் ரத்தத்தையும் பார்த்தேன். சர்க்கரை. டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம் உண்டு. காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை பொதுமக்களுக்குத் திறந்து விடுவார்கள். அங்கே போக ஆரம்பித்தேன்.

மைதானத்தில் எல்லோரும் கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகத்தான் சுற்றினார்கள். நானும் சுற்றினேன். இரண்டு மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது. தினமும் அதே முதுகுகள். முகம் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒருநாள் திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தேன். பாதிச் சுற்றுகூட முடியவில்லை. சமயநல்லூரிலிருந்து காரில் வந்து நடக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியை மறித்து நின்றார்.

"என்ன சார், எதுக்க வாரீங்க?"

"இப்படி நடந்தா என்ன சார்?"

"எல்லாரும் எந்தப் பக்கம் போறாங்க? கோயில்ல இப்படியா சுத்துவீங்க?"

அவருக்குப் பின்னால் வந்த நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். திரும்பி அவர்களோடு நடந்தேன். நடந்தேனே தவிர மனம் ஆறவில்லை.

நடந்து முடித்ததும் என்னோடு டீ குடிக்கும் நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் சௌராஷ்டிரக்காரர், துணிக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் மதுரையின் பழைய பகுதியில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய். இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன்.

துணிக்கடைக்காரர் சிரித்தார். "ஒத்தையாப் போனீங்கள்ல, அதான் தப்புண்ணே. என் கடையில கூட்டமில்லாத அன்னைக்கு என் மச்சினிச்சிங்க ரெண்டு பேர வரச்சொல்லி, ஒரே சேலைய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கச் சொல்லுவேன். பத்து நிமிசத்துல அந்தச் சேலைக்கு எம்புட்டு கிராக்கி தெரியுமா?"

"அதுக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"நாம மூணு பேரு. முதல் ஆளாப் போவோம். நமக்கு அப்புறம் வாரவனுக்கு நாமதான் எல்லாரும்."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள. ஹஜ்ல நாங்க இடப்பக்கமாத்தான் சுத்துவோம். நாளைக்கே வாரேன்."

மறுநாள் காவலாளி கேட்டைத் திறக்கும்போது நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். உள்ளே போய் இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தோம். பாய் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா கெடக்கட்டும், ஊத மாட்டேன்" என்றார்.

முதலில் வந்தது ஒரு கணவனும் மனைவியும். வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள், பாயின் விசிலைப் பார்த்தார்கள், பிறகு எங்களுக்குப் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். அடுத்து வந்த இரண்டு பேர் ஐந்து பேரைப் பார்த்தார்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் இருபது பேர் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது.

ஐந்தே முக்காலுக்கு ஒப்பந்தக்காரர் வந்தார். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் தயங்கினார். நான் பக்கத்தில் வந்ததும், "என்ன சார், மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார், மாத்திட்டாங்க" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். யார் மாற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. நம் மொழியில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆளே இல்லாமல் 'ங்க' என்று முடித்துவிடலாம். கேட்பவர் தனக்குப் பிடித்த அதிகாரியை அந்த இடத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

ஒரு வாரத்தில் காரணங்கள் முளைத்தன. இதயம் இடது பக்கம் இருப்பதால் இப்படிச் சுற்றினால் அதற்கு நல்லது என்றார் ஒருவர். ஓட்டப் பந்தயமே இப்படித்தான் ஓடுகிறார்கள் என்றார் இன்னொருவர். ராகு, கேதுவை இடமாகத்தானே சுற்றுகிறோம் என்று கோயில் சிக்கலையும் ஒருவர் தீர்த்து வைத்தார். கடைசியில் ஒப்பந்தக்காரரே தன் செலவில் அம்புக்குறி போட்ட தகரப் பலகை ஒன்றை நட்டு, 'இவ்வழியே நடக்கவும்' என்று எழுதி வைத்தார்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். எழுமலைப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தார். வந்தவர் பலகையைப் படித்தார். படித்துவிட்டுப் பழையபடி வலமாக நடக்க ஆரம்பித்தார். நாற்பது பேர் ஒருபக்கம், அவர் ஒருத்தர் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை என் முகத்துக்கு நேரே வந்து போனார். நான் ஆசைப்பட்டபடி ஒரு முகம் கிடைத்தது. ஆனால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் அவரை நிறுத்தினார். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நானும் நின்றேன்.

"டீச்சர், ரூல்ஸ்னா எல்லாருக்கும்தான்."

"யாரு போட்ட ரூல்ஸ்?"

"மேல இருந்து மாத்திட்டாங்க டீச்சர்."

"மேலன்னா?"

அவர் பலகையைக் கை காட்டினார். பத்துப் பேரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். என் ஷூவில் கயிறே கிடையாது.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. விளையாட்டாக நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திப் பத்துப் பேர் விசாரிக்கிறார்கள். மறுநாள் பலகைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாற்றியது யாருமில்லை, நாங்கள் மூவரும்தான், வெறும் குறும்பு, டீச்சரை விட்டுவிடுங்கள் என்றேன்.

ஒப்பந்தக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார். "டீச்சருக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கிறீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு."

"நெசமாத்தான் சொல்றேன். இவங்களக் கேளுங்க" என்று துணிக்கடைக்காரரைக் காட்டினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, ஆரம்பிச்சது நாமதான், அது சரி. ஆனா இந்தப் பக்கம் நடந்ததுல இருந்து எனக்கு முட்டி வலி இல்லண்ணே."

பாய் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து நடையைத் தொடர்ந்தது, இடமாகவே.

இனி எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். ஓடிப்போய் டீச்சரோடு சேர்ந்து வலமாக நடந்தேன். எல்லோரும் எங்கள் இருவரையும் முறைத்தபடி போனார்கள். டீச்சருக்கு வேகம் அதிகம். மூச்சு வாங்க, "ஒங்க தைரியம் யாருக்கும் வராது டீச்சர். அம்புட்டுப் பேரும் சொல்லியும் நீங்க மாறல" என்றேன்.

"தைரியமா? ஸ்கூட்டி சார்" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"வாசலோரம் என் வண்டி நிக்குதுல்ல, வலமா நடந்தா அந்த நீளப் பக்கம் முழுக்க அது கண்ணுக்கு நேராவே இருக்கும். இடமாப் போனா முதுகுக்குப் பின்னால போயிருது. ஏற்கெனவே ஒரு வண்டியத் தொலைச்சவ நான்."

"இத அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலையே. ரூல்ஸுன்னுதான சொன்னாங்க."

வண்டியை அந்த நீளப் பக்கத்தின் மறுகோடி வேப்பமரத்தடியில் நிறுத்தினால் எல்லோரும் போகிற பக்கம் நடந்தாலும் தெரியுமே என்று சொன்னேன். "அட, ஆமா" என்றார்.

மறுநாள் நான் போகும்போது ஸ்கூட்டி வேப்பமரத்தடியில் நின்றது. டீச்சர் கூட்டத்துக்கு முன்னால் இடமாக வீசி நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒப்பந்தக்காரர், தன் பேரன் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். இருவருக்கும் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. நான் வாசலில் சற்று நேரம் நின்றேன். பிறகு கூட்டத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.