மாமனுக்குத் தண்ணீர் கொடுத்தவர்

சிங்காநல்லூரில் காலை ஆறு இருபதுக்கு பஸ் ஏறினேன். சூலூர் பதினொரு கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். முப்பத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன் நான். பயணியாக உட்கார்ந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. "நடுவுல எடமிருக்குதுங்க, உள்ள போங்க" என்று கத்த வாய் நமநமக்கும். அன்றைக்குக் கத்தவில்லை. மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரே ஒரு புகைப்படம். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

படத்தில் பட்டாள உடையில் இரண்டு பேர் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். இடது பக்கம் சிரிப்பவர் செல்லமுத்து மாமன், என் அம்மாவின் தம்பி. எழுபத்தொன்று சண்டையில் கிழக்கு எல்லையில் செத்துப்போனார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு ஆறு. உடல் வரவில்லை. தந்தி வந்தது, பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது, அவ்வளவுதான். போன மாதம் அந்தப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதத்தை எடுத்தபோது இந்தப் படம் கிடைத்தது. பின்பக்கம் மாமன் கையெழுத்தில், "நானும் அருளப்பனும்."

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. படத்தைக் கண்ணருகில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவரு நம்மூட்டுக்கு வந்தாரு கண்ணு. சண்டை முடிஞ்சு ரெண்டு மாசங்கழிச்சு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ஒண்ணுஞ் சொல்லாமயே போயிட்டாரு" என்றாள். பிறகு, வருஷக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வியையே கேட்டாள். "எந்தம்பி ஒத்தையிலயா போனான்? ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளிருந்துச்சா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கிளம்பினேன். எனக்கும் அந்த ஆள் மங்கலாக ஞாபகம் இருக்கிறார். காங்கேயம் பக்கத்தில் அப்பிச்சியின் தோட்டம்; அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. மாடு கட்டும் கட்டுத்தரை ஓரம், வேப்பமரத்தடியில், காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடிக்கிறார். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்தேன். இவ்வளவுதான் ஞாபகம்.

ஏழு மணிக்குச் சூலூர். தலைக்கு மேல் விமானம் ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. விசைத்தறி வைத்திருக்கும் என் சிநேகிதர் கணேசன் வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். படத்தை ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு மூன்றே நாளில் ஆளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"ஆளு உசுரோட இருக்காருங்க. கோபிக்கு அந்தப்பக்கம், வாய்க்கா ஓரத்து ஊரு" என்று முகவரி எழுதிய சீட்டைக் கொடுத்தார். "ஆனா போனுல பேசமாட்டேனுட்டாருங்க. செல்லமுத்து ஊட்டுலருந்து ஆரு வந்தாலுஞ்செரி, நேர்ல வரட்டும்னு சொல்லிப்போட்டாரு."

"கோவமா சொன்னாருங்களா?"

"அது தெரீலீங்க. சொல்லிப்போட்டு ஒடனே போனை வெச்சுப்போட்டாரு."

தறிச் சத்தத்தில் இதற்குமேல் பேச முடியவில்லை. காபி குடித்துவிட்டு எட்டு மணிக்குத் திருப்பூர் பஸ் பிடித்தேன். இருபத்தெட்டு ரூபாய். திருப்பூரில் மாறி கோபி பஸ், முப்பத்தாறு ரூபாய், நாற்பத்தைந்து கிலோமீட்டர். கண்டக்டர் பையன் மீதி நாலு ரூபாயை "எறங்கறப்ப வாங்கிக்குங்க" என்றான். நானும் எத்தனை பேரிடம் சொன்ன வசனம் அது! சிரித்துக்கொண்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு பஸ் குன்னத்தூரில் நின்றது. என் மனசு அங்கேயே இறங்கிக்கொண்டது. மாட்டுச் சந்தைக்கு மாமன் ஒருமுறை என்னை இங்கே கூட்டிவந்திருக்கிறார். கூட்டத்தில் மாடு மிதித்துவிடும் என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் தலைமுடியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. "டேய் மாப்ளே, மசுத்தப் புடுங்கிப்போடாத, எனக்குக் கல்யாணமாகோணும்" என்றார். சுற்றி நின்ற தரகர்கள் எல்லாம் சிரித்தார்கள். பட்டாளத்துக்குப் போனபின் அவருக்குப் பெண் பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவும் செய்திருந்தார்கள். கார்த்திகையில் சண்டை வந்துவிட்டது. அந்த மாமனுக்கு இன்றிருந்தால் எழுபத்தேழு வயது. அவர் தலை வழுக்கையாகியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே குன்னத்தூரைக் கடந்தேன்.

அதன்பிறகு பூமியின் நிறம் மாறியது. எங்கள் காங்கேயம் பக்கம் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும்தான். இங்கே கண்ணுக்கு எட்டினவரை நெல், வாழை, தென்னை. கோபியில் இறங்கி ஆட்டோ வைத்தேன். ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். வாய்க்கால் பாலம் தாண்டி, மாதா கோவில் தாண்டி மூன்றாவது வீடு. மணி பதினொன்று.

அருளப்பன் வெள்ளை வேட்டி கட்டி, முகம் மழித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்த அதே அகன்ற நெற்றி. நான் பேர் சொல்லுமுன்பே எழுந்துவிட்டார்.

"நீங்க அந்தச் சிரிச்ச பையனுங்களா?" என்றார்.

ஆமாங்க என்று தலையை மட்டும் ஆட்டினேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவர் மருமகள் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கறாங்க. மாமன் தனியாவா போனாரு?"

"இல்லீங்க" என்றார் உடனே. "எம்பட மடியில போனான். விடியக்காலம், ஆத்தோரம். குண்டு வயித்துல பட்டிருச்சு. தண்ணி தண்ணின்னான். எம்பட பாட்டல்ல இருந்து ரெண்டு முடக்கு குடுத்தேன். அக்கா பேரத்தான் சொல்லிட்டிருந்தான். பொறகு பேச்சில்லீங்க. வருசா வருசம் அந்தத் தேதியில அவம்பேருக்கு மாதா கோயில்ல பூசை குடுக்கறேன். சாமியார் கேப்பாரு, 'செல்லமுத்து ஆருப்பா, உங்க சொந்தமா'ன்னு. ஆமாங்கன்னு சொல்லிருவேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்மா கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு வார்த்தையில் பதில். ஆனால் அதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? கேட்டேவிட்டேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்து, வெள்ளைத் துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துவந்தார். பிரித்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. மடிப்பில் மட்டும் வெளுத்திருந்தது.

"கல்கத்தாவுல ரெண்டு பேருமாப் போயி எடுத்தது. அக்காவோட எணைச்சீருக்குன்னு எடுத்தானுங்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன், கூடப்பிறந்தவளுக்கு இணைச்சீர் செய்வார்கள். கல்யாணம் ஆனாலும் உன்னை விட்டுவிடமாட்டேன் என்று அவளுக்குச் செய்கிற சீர் அது. அவன் சேலை எடுத்துக் கொடுப்பான், அவள் வாங்கிக்கொள்வாள்.

"இதக் குடுக்கத்தான் உங்க தோட்டத்துக்கு வந்தேன். உங்க அப்பிச்சி எந்தூரு, ஆரூட்டுப் பையன்னு கேட்டாரு. பொய் சொல்லலீங்க, எங்கய்யன் பண்ணையத்து ஆளுன்னு சொன்னேன். அங்கயே நில்லுன்னுட்டாரு. கட்டுத்தரையிலயே நின்னேன். சேலை கொண்டாந்திருக்கறேங்க, அக்கா கையில குடுக்கோணும்னேன். 'கீழ வெச்சுட்டுப் போ, தண்ணி தெளிச்சு எடுத்துக்குவாங்க'ன்னாரு." சேலையைத் தடவினார். "செத்தவன் ஆசையா எடுத்த சேலைங்க. சாணியில எப்படிங்க வெக்கறது? தாகத்துக்குத் தண்ணி மட்டும் கேட்டேன். ஒரு அம்மா வந்து கையில ஊத்துனாங்க. குடிச்சுப்போட்டு வந்துட்டேன். பத்தடி வந்தபொறகுதான் அவங்கதான் அக்காவோன்னு தோணுச்சு. திரும்பிப் போவ மனசு வரலீங்க."

மாமன் வாயில் தண்ணீர் ஊற்றிய கை அது. அந்தக் கையைத் தொட்டுவிடாமல், செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றியது என் அம்மா. பக்கத்தில் நின்று சிரித்தது நான். எங்கள் வீட்டில் கூலிக்காரர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆறு வயசுதானே என்று யாரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்களே எடுத்துட்டுப் போய்க் குடுத்துருங்க" என்று சேலையை நீட்டினார்.

அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி குடுத்தாரா?" என்றாள்.

"குடுத்தாரும்மா."

"நான் அவருக்கு ஊத்துனனே கண்ணு…" அழுதாள். அழுது முடித்து, "அவரு பக்கத்துல இருக்கறாரா? தம்பி, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்கக்கா."

"அந்தச் சேலைய எம்பையங்கிட்டக் குடுத்து உட்டறாதீங்க. எணைச்சீருச் சேலை கூடப்பொறந்தவன் கையாலதான் வாங்கோணும். நீங்க கொண்டாருவீங்களா?"

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாரேனுங்கக்கா" என்றார்.

சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். கோபியிலிருந்து கோவைக்கு நேர் பஸ், எண்பது கிலோமீட்டர் சொச்சம். அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். பொட்டலத்தை மேலே வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். வழியெல்லாம் மாமனின் குறும்பைச் சொல்லிச் சிரித்தார். இந்தி பேச வராமல், பட்டாளத்தில் இந்தி சொல்லித்தந்த வாத்தியாருக்கே தமிழ் கற்றுக்கொடுத்தாராம். நான் தோளில் ஏறிய கதையையும் மாமன் அவரிடம் சொல்லியிருக்கிறார். போகும்போது பார்த்த நெல்லும் வாழையும் திரும்பும்போது என் கண்ணில் படவேயில்லை.

ஐந்து மணிக்கு வீடு. அம்மா குளித்து, தலை முடிந்து, கையில் பித்தளைச் செம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள். அது அப்பிச்சி தோட்டத்திலிருந்து வந்த செம்பு.

"உள்ள வாங்க தம்பி."

அவரை நடுக்கூடத்தில் உட்காரவைத்துச் செம்பை நீட்டினாள். அருளப்பன் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் குவித்தார். பழக்கம்தான், அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. அம்மா அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்து, செம்பை அவற்றில் வைத்தாள். அவர் அண்ணாந்து குடிக்கப் போனார்.

"வேண்டாந் தம்பி. வாய் வெச்சுக் குடிங்க."

அவர் வாய் வைத்துக் குடித்தார். செம்பு காலியான பிறகுதான் சேலைக்கு அம்மா கை நீட்டினாள்.