குறை சொல்லாமல் சாப்பிடுகிறவர்

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் நல்லவர். சாப்பாட்டில் உட்கார்ந்தால் மட்டும் நீதிபதி. முதல் வாய் உள்ளே போவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "உப்பு ஒரு கல்லு கம்மி புள்ள." "இது நேத்து அரைச்ச மசாலா." "கடுகு தாளிக்கறப்ப யாருகூடவோ பேசிட்டு இருந்திருக்கற, தீஞ்சு போச்சு." கடைசியாகச் சொன்னது உண்மை. பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். அது எப்படித் தெரிகிறது என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இத்தனையும் சொல்லிவிட்டுத் தட்டை வழித்து, விரலையும் நக்கிவிட்டு எழுந்து போவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கரண்டியைக் கீழே போட்டு, "நாளையில இருந்து நீங்களே ஆக்கிக்குங்க" என்றேன். "சரி, ஆனா கொழம்பு மட்டும் நீயே வெச்சுடு" என்றார். அவரிடமிருந்து வந்த பாராட்டு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை. மிகவும் பிடித்துப்போனால் "பரவால்ல" என்பார். அந்தப் பரவாயில்லைக்காக நான் எத்தனை நாள் அம்மியில் அரைத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எல்லா ஊருக்கும் வந்த காய்ச்சல் ஏற்காட்டு மலைமேல் இருக்கும் எங்கள் கொட்டச்சேட்டுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வந்து, இரண்டு பேருக்கும் வாசனை போனது. எனக்குக் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. அவருக்குத் திரும்பவில்லை. சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுத்துப் பாருங்கள் என்றார். பொறுத்துப் பார்ப்பதற்கு நாங்கள் கொடுத்த பீஸ் வேறு.

அதிலிருந்து அவர் போட்டதைச் சாப்பிடுகிறார். "போதும்" என்கிறார். கை கழுவுகிறார். ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. தெருமுனை வரை தீய்ந்த வாசம். வேறு செய்யலாமா என்று யோசித்தேன். பிறகு, இதற்காவது ஏதாவது சொல்லட்டும் என்று அப்படியே ஊற்றினேன். பிசைந்தார், சாப்பிட்டார், எழுந்தார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வைதால் கோபம் வரும், வையாவிட்டால் அழுகை வருகிறது. என்ன பிறவியோ நான்.

பங்குனியில் ஒரு மழை பெய்தால் காபிச் செடி பூத்துவிடும். மலை முழுக்க மல்லிகைப் பந்தல் போட்டதுபோல மணக்கும். காய்ச்சலுக்கு அடுத்த வருஷம் பூத்தபோது அவர் காட்டுக்குள் போய் ஒரு கிளையை வளைத்து மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றார். "வாசம் வருதா புள்ள?" என்று கேட்டார். எனக்குத் தலை கிறுகிறுக்கும் அளவுக்கு வந்தது. "இந்தத் தடவை அவ்வளவா இல்லீங்க" என்றேன்.

அந்தக் காய்ச்சலுக்கு முன்பு வரை வருஷம் தவறாமல் நாங்கள் தரங்கம்பாடிக்குப் போவோம். காபிப்பழம் பறித்து, மிளகு இறக்கிக் காயவைத்து, கை ஓய்ந்த மாசி மாதத்தில் நாலு நாள். ஊரில் கேலி செய்வார்கள். "ஏனுங்க, ஊரே ஏற்காட்டுக்கு டூரு வருது, நீங்க எங்கீங்க டூரு போறீங்க?" என்பார்கள். கடலைப் பார்த்தவர்களுக்கு மலை வேண்டியிருக்கிறது, மலையைப் பார்த்தவர்களுக்குக் கடல் வேண்டியிருக்கிறது. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

முதல் தடவை போனது கல்யாணமான வருஷம். மீனவர் தெருவில் ஓர் அக்கா வீட்டு மாடி அறையில் தங்கினோம். கரைக்குப் போய் நானே கிழங்கா மீன் வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு இருக்கும் மீன் அது. அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்மள ஏமாத்திட்டாங்க. மீன் வாசமே வரல" என்றார். நானும் முகர்ந்தேன். உண்மைதான், வரவில்லை. எங்களுக்கு மீன் என்றால் மேட்டூர் டேம் மீன், இல்லாவிட்டால் சேலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் டி.வி.எஸ் வண்டியில் ஏறி வரும் கடல் மீன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அது வாங்கியிருக்கும் வாசத்தைத்தான் மீன் வாசம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஏமாந்தது ஏமாந்ததுதான், சமைப்போம் என்று எங்கள் மலை வழக்கப்படி கல்லுப்பு போட்டு உரசினேன், மஞ்சள் போட்டுக் கழுவினேன், மோர் ஊற்றி ஊறவைத்து மறுபடியும் கழுவினேன். அக்கா வந்து பார்த்துவிட்டுச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "ஏற்கெனவே செத்த மீன இன்னொரு தடவ ஏன்டி கொல்லுற?" என்றார். அன்றிலிருந்து அந்த அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை மட்டும்தான். வருஷா வருஷம் எங்கள் காட்டு மிளகும் காபித்தூளும் அக்காவுக்குக் கொண்டுபோவோம். அந்த மிளகைத்தான் அக்கா கிழங்கா குழம்பில் கடைசியாகத் தட்டிப்போடுவார். நீதிபதி அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். "கொழம்பு பரவால்ல. மீனுதான் நொம்பச் சின்னது" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் நாலு மீனை அள்ளிப் போடுவார். அதற்காகத்தான் அந்தக் குறையே.

காய்ச்சலுக்குப் பிறகு, "அத்தனை தூரம் போயி என்னத்துக்கு" என்று விட்டுவிட்டார். இந்த வருஷம் மகள் பிடிவாதமாக நின்றாள். அவள் சேலத்தில் வேலை பார்க்கிறாள். பழகின வாசத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் மூக்கு விழித்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அக்கா வீட்டுக் குழம்பைவிடப் பழகின வாசம் வேறு எது? ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மாப்பிள்ளையோடு காரில் மேலே வந்து நின்றாள். "கெளம்புங்கப்பா" என்றாள். மகள் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழம்பில் ஒரு வாய் எடுத்துவைத்து, முகத்தைச் சுளித்து, "இதுல என்னமோ கொறையுது" என்று அவர் சொல்ல வேண்டும். வாசனை முழுதாகத் திரும்பாவிட்டாலும் போகிறது. ஒரு குறை கேட்டால் போதும். சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம் என்று போனோம். சீர்காழி தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். முன்பெல்லாம் பஸ்ஸில் போகும்போது கடல் கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் மூக்கைத் தூக்கி, "வந்துருச்சு" என்பார். இந்தத் தடவை உப்புக் காற்று உள்ளே வந்ததும் ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். எங்கள் மூன்று பேருக்கும் வாசம் தெரிந்தது. அவர் பக்கத்து வயலில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு இப்போது முட்டிவலி. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டுதான் சமைக்கிறார். ஆனால் சட்டியும் அதுதான், கையும் அதுதான். அவரிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. தெரிந்தால் இரக்கப்பட்டு ஏதாவது கூடக்குறையப் போட்டுவிடுவார் என்று மகளுக்குப் பயம். இறால் தொக்கு, நண்டு, சுறாப்புட்டு என்று நடுவில் ஒரு கல்யாண விருந்தே வைத்திருந்தார். கடைசியாகக் கிழங்கா குழம்பு வந்தது.

மகள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் முள்ளை நிதானமாக எடுத்தார். குழம்போடு பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"அருமையா இருக்குது" என்றார்.

மகள் அழுதுவிட்டாள். "வாசம் தெரியுதாப்பா?" என்று கேட்டாள். "தெரியுது சாமி, தெரியுது" என்றார். மாப்பிள்ளைக்கும் சந்தோஷம். யாருக்கோ போன் பண்ணி அப்போதே சொன்னார். அக்காவின் கை மட்டும் கரண்டியோடு நின்றது. என்னைப் பார்த்தார். அருமை என்ற வார்த்தையை அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த அடுப்படி கேட்டதில்லை. அக்கா அவர் தட்டில் இன்னும் இரண்டு மீன் வைத்தார்.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் கடலோரக் கோட்டைப் பக்கம் நடந்தார்கள். நாங்கள் மணலில் உட்கார்ந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, புள்ளகிட்டப் பொய்யி சொன்னீங்களா?"

"ஆசையாக் கூட்டிட்டு வந்துருக்குது. என்ன சொல்லச் சொல்ற?"

"என்ற கிட்டச் சொல்லுங்க. எப்புடி இருந்துச்சு?"

"புளிப்பு தெரியுது. உப்பு தெரியுது. காரம் நாக்குல எரியுது. எல்லாம் இருக்குது புள்ள. ஆனா ஊட்டுக் கதவத் தொறந்து போனா உள்ள ஆளில்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் கடற்கரையில் இப்படி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

"உனக்கு எப்புடி இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் குழம்பு எப்படி இருந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். "நல்ல ஆளு நீ" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மூக்கு இருக்கறவளாவது திங்க வேண்டாமா? நாளைக்கி ஒழுங்காத் தின்னுட்டு எனக்குச் சொல்லு."

மறுநாள் மத்தியானம் கிளம்ப வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் கருவாடு வாங்கப் போயிருந்தார்கள். அக்கா எங்கள் இருவருக்கும் மட்டும் அதே குழம்பை ஊற்றிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று வாசல்பக்கம் போய்விட்டார். வலியோ, வேண்டுமென்றே போனாரோ, கேட்கவில்லை. நான் ஒரு மீனை எடுத்து வாயில் வைத்தேன்.

எனக்கு அது பரீட்சை மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் நான் ருசித்துச் சாப்பிட்டவளே இல்லை. நான் சமைப்பேன், அவர் சொல்வார். அவர் நாக்கை வைத்துக்கொண்டுதான் நான் உப்பே போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"சொல்லு" என்றார். அவரும் ஒரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்க."

"அது எனக்குந் தெரியும். என்ன வாசம் வருது?"

"மொதல்ல... தேங்கா வாசம் வருதுங்க."

கண்ணைத் திறந்தார். "தேங்காயா? இந்தக் கொழம்புக்கு அக்கா என்னிக்குத் தேங்கா அரைச்சாங்க?"

"அப்பறம் சீரகம்."

"சீரகமா?" தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உன்னையக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லோணும். மொதல்ல நல்லெண்ணெயில வதங்குன பூண்டு வரும். அது போகறதுக்குள்ள வெந்தயம், லேசாத் தலையக் காட்டிட்டுப் போயிரும். அப்பறந்தான் மீனு. கறந்த பால்ல வருமே ஒரு இனிப்பு, அப்புடி. எல்லாம் முடிஞ்சு, முழுங்குன பொறவு, நம்ம காட்டு மெளகு தொண்டையில வந்து நிக்கும். முப்பது வருசமாத் திங்கற, இது தெரியல. சீரகமாம். நாக்கா அது, அட்டையா?"

அவர் கை காற்றில் நின்றது. சொன்னதை அவரே கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. பிறகு தட்டை இழுத்து, சொன்ன வரிசையிலேயே மெதுவாக மென்று விழுங்கினார். தொண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. காரம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு மனுஷன் என்னை வைகிறார். இதை விட்டுவிடக் கூடாது என்று அவசர அவசரமாக அடுத்த மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இதற்கு என்ன தப்பாகச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.