எழுத்துக்காக விட்ட இடம்

படக்காரி கடத்தினாள் என்கிறார்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ளவே முடியாது. தையல்காரர் மனைவி ஆயிரம் சொல்லட்டும், வாய் சும்மா இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு பெண்ணைக் கடத்தினவள், அவள் முகத்தையே வரைந்து கடை கடையாக அடுக்க விடுவாளா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

தெருவுக்கு அவள் படக்காரி. கேட்டதை வரைந்து கொடுப்பது அவள் பிழைப்பு. பத்திரிகைக் கதைக்கு அழுகிற மாமியார், பற்பசைக்குச் சிரிக்கிற குழந்தை, பால் டப்பாவுக்கு மாடு. மேஜையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கும். மாமியார் அழ வேண்டுமென்றால் முதலில் இவள் கண்ணாடியைப் பார்த்து அழுது பார்ப்பாள். தையல்காரர் மனைவி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்ற முதல் புரளி அன்றைக்குக் கிளம்பியதுதான்.

திருத்தம் சொன்னால் படக்காரி முகம் சுளித்ததே கிடையாது. கறுப்பு மாட்டை வெள்ளையாக்கு என்றால் ஆக்கிவிடுவாள். "அவங்க காசு, அவங்க மாடு, நமக்கென்ன?" என்பாள்.

அந்தச் சோப்பு உறைப் பெண் மட்டும் வேறு மாதிரி வந்தவள். பக்கவாட்டில் பார்க்கிற ஓர் இளம்பெண் வேண்டும் என்றார் கம்பெனிக்காரர். அவள் பார்க்கிற பக்கத்தைக் காலியாக விடச் சொன்னார், சோப்பின் பேர் அங்கே வரும் என்று. படக்காரி கண்ணாடியைத் தொடவேயில்லை. ஒரே இருப்பில் வரைந்துவிட்டாள், ஏற்கெனவே தாளில் இருந்தவளைத் துடைத்து எடுத்த மாதிரி. கம்பெனிக்குப் பிடித்துப்போனது. வருஷா வருஷம் அதே முகம், புது உடுப்பு. கூந்தல் எப்போதும் காதை மூடியிருக்கும்.

இந்த வருஷம் கூந்தலைத் தூக்கிக் கட்டச் சொன்னார்கள். கட்டினாள். காது வெளியே வந்தது. மடல் இரண்டாகக் கிழிந்து, ஆறிப்போன தழும்போடு வந்தது.

பிரஷ் வழுக்கிவிட்டதா என்று கம்பெனிக்காரர் ஃபோனில் கேலி செய்தார். புதுத் தாள் எடுத்தாள். மறுபடியும் அதே கிழிசல். இன்னொரு தாளிலும் அதேதான். மாட்டையே வெள்ளையாக்கின கை, ஒரு காதை முழுசாக்க மாட்டேன் என்றது.

"இது தப்பில்ல சார்," என்றாள் கடைசியில். "அவ காது அப்படித்தான்."

சொன்ன பிறகு அவளே அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். வேலை வேறு யாருக்கோ போயிற்று. படம் அவள் அறைச் சுவரில் சாய்ந்து நின்றது.

அப்புறம்தான் ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஓர் அக்கா வந்தாள். கையில் பழைய சோப்பு உறை. அவள் தங்கை வேலைக்குப் போன ஊரில் காணாமல் போய்ப் பல வருஷமாம். கடையில் இந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் நச்சரித்து விலாசம் வாங்கியிருந்தாள்.

"என் தங்கச்சிய எங்க பாத்தீங்க?"

பார்க்கவில்லை, மனதில் வந்ததை வரைந்தேன் என்றாள் படக்காரி. அக்கா கெஞ்சினாள், பிறகு போலீஸுக்குப் போவேன் என்றாள். தண்ணீர் கொண்டுவர உள்ளே போன படக்காரி திரும்பி வந்தபோது, அக்கா சுவரோரம் உட்கார்ந்து படத்தின் காதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஊஞ்சல் சங்கிலியில கம்மல் மாட்டி கிழிஞ்சது. அதுக்கப்புறம் ஒரு ஃபோட்டோவுலகூட அவ இந்தக் காத காட்டினதில்ல. உங்களுக்கு யாரு சொன்னா?"

தெரு பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: தெரியாமல் எப்படி வரைவாள்? நியாயமான கேள்விதான். படக்காரியும் அதையே தனக்குள் கேட்டுக்கொண்டு, சொம்பும் கையுமாக நின்றாள். ஒளிக்க நினைத்திருந்தால் அந்தத் தாளைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அக்கா குரலை இறக்கிக் கேட்டாள்: "இவ எதைப் பாத்துக்கிட்டு இருக்கா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அது எழுத்துக்காக விட்ட இடம், அவ்வளவுதான். படக்காரி படத்தைத் தரையில் கிடத்தி, காலியாக இருந்த பக்கத்தில் பென்சிலை வைத்தாள். ஓர் இரும்புப் படிக்கட்டு வந்தது. கந்தல் சுற்றிய குழாய் வந்தது. பின்னால் உயரமாக ஒரு புகைபோக்கி, மேல் பாதி மட்டும் வெள்ளையடித்தது. படிகளின் உச்சியில் ஒரு கதவு. கதவோடு பென்சில் நின்றுவிட்டது.

"இது எந்த இடம்?"

"தெரியல அக்கா. ஆனா அந்தக் கீழ்ப்படி ஆடும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. படக்காரி தாளைச் சுருட்டினாள், செருப்பை மாட்டினாள், அக்காவோடு கிளம்பினாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. பிரஷ் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருந்தது. ஓடிப்போனாளாம், ஓடி. ஓடிப்போகிறவள் வழி கேட்டுவிட்டா போவாள்? சந்தேகம் இருந்தால் அந்தத் தையல்காரர் மனைவி தன் வீட்டுக்காரரையே கேட்கட்டும். அவர் கடை வாசலில் நின்றுதான் படக்காரி விசாரித்தாள், மேல் பாதி வெள்ளையடித்த புகைபோக்கி எங்காவது உண்டா என்று.

தையல்காரர் வாயில் ஊசி. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பாலத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.